படையைத் திருப்பி அழைக்க ஒரு ரிட் மனு

தம்புச் செட்டித் தெருவில் என் சீனியரின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பாகப்பிரிவினை, வாடகைப் பாக்கி, பட்டா என்றுதான் வருவார்கள். 1989 ஜூலையில் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் கேட்டது வேறு. இலங்கையில் இருக்கும் இந்திய ராணுவத்தைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மத்திய அரசு மேல் கேஸ் போட வேண்டும். அவருடைய மகன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய், வவுனியாப் பக்கம் இருந்தான்.

சீனியர் சிரிக்கவில்லை. "என்ன காரணம் சொல்லிக் கேக்கறது பெரியவரே?" என்றார்.

"நான் அறுபத்தஞ்சும் பாத்தேன், எழுபத்தொண்ணும் பாத்தேன் ஐயா. டாக்காவுல முஜிப் போகச் சொன்னாரு, மார்ச் மாசமே வந்துட்டோம். இங்க கூப்பிட்டவனே போகச் சொல்றான். இன்னும் எதுக்கு இருக்கணும்?"

வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தால்கூட வாதம் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. அந்த ஜூன் 1-ஆம் தேதி ஜனாதிபதி பிரேமதாசா, இந்திய அமைதிப் படை ஜூலை இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். தெற்கே ஜே.வி.பி. இந்திய எதிர்ப்பை வைத்தே கிளர்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. அதன் காற்றைப் பிடுங்க அவருக்கு இந்தியப் படை போயாக வேண்டும். வடக்கே அமைதிப் படையோடு சண்டையிட்ட புலிகளும் கொழும்பில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு எதிரிகளுக்கும் பொதுவாக இருந்த ஒரே கோரிக்கை, இந்தியா போகட்டும் என்பது. ராஜீவ் காந்தி தேதி சொல்ல மறுத்தார். மாகாணங்களுக்கு அதிகாரம் உண்மையாகவே போய்ச் சேரட்டும், வடகிழக்கில் மக்களுக்குப் பாதுகாப்பு உறுதியாகட்டும், பிறகு பேசலாம் என்பது டெல்லியின் நிலை. இரு தலைவர்களும் கடிதத்துக்குக் கடிதம் சண்டை போட்டார்கள்.

சீனியர் ஒப்பந்த நகலை எடுத்துவரச் சொன்னார். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவும் ஜெயவர்தனாவும் கையெழுத்திட்ட சில பக்கங்கள். மற்றவர்கள் அதை அரசியல் ஆவணமாகப் படித்தார்கள். அவர் கிரயப் பத்திரம் படிப்பதுபோல வரிவரியாகப் பென்சில் வைத்துப் படித்தார். இணைப்பின் 6-ஆவது பத்தி, இலங்கை ஜனாதிபதி தேவைப்பட்டால் இந்திய அமைதிப் படையை அழைக்கலாம் என்றது. 2.16-இன் 'சி' உட்பிரிவு, இலங்கை கேட்டால் இந்தியா ராணுவ உதவி தரும் என்றது. ஆனால் 2.14 வேறு தொனியில் இருந்தது: இந்தத் தீர்வுகளுக்கு இந்தியா உத்தரவாதம் அளிக்கும். பிரேமதாசா முதலிரண்டைக் காட்டுகிறார், ராஜீவ் 2.14-ஐக் காட்டுகிறார். எப்போது திரும்புவது, யார் சொன்னால் திரும்புவது என்பதற்கு அந்த ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை.

"இது லைசென்ஸ் கேஸ்டா" என்றார் சீனியர். நிலத்துக்குச் சொந்தக்காரன் அனுமதி கொடுத்து ஒருவனை உள்ளே விடுகிறான். 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் 60-ஆவது பிரிவுப்படி, சொந்தக்காரன் நினைத்தால் அனுமதியைத் திரும்பப் பெறலாம். உள்ளே வந்தவன் அனுமதியை நம்பி நிரந்தரமான வேலை எதையாவது கட்டிச் செலவழித்திருந்தால் முடியாது. ராஜீவின் வாதம் அந்த விதிவிலக்கு: நான் உத்தரவாதத்தை நம்பி இங்கே ஒரு மாகாண சபையைக் கட்டியிருக்கிறேன், ஆயிரம் உயிரைச் செலவழித்திருக்கிறேன். "ஆனா ஒரு நாட்டோட மண்ணுல இன்னொரு நாட்டுப் படைக்கு அந்த விதிவிலக்கு கிடையாது. சொந்தக்காரன் போன்னா போகணும். 63-ஆவது பிரிவு நியாயமான அவகாசம் குடுக்குது. அத வேணா கேக்கலாம்."

எனக்கு அன்றும் இன்றும் அதுவே சரி. நான்கு டிவிஷன் படை போயிருந்தது. சமாதானம் காக்கப் போனவர்கள் 1987 அக்டோபர் 10 முதல் சண்டை போட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவு ஏறக்குறைய முழுதாக அழிந்தது. அதே மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் படையை எந்தத் தமிழ் வீடும் காவலாக நினைத்திருக்காது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அப்படி நினைத்த ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துபோய்க் கொண்டிருந்தார். திருகோணமலைக்காரர், வளசரவாக்கத்தில் வாடகைக்கு இருந்தவர், வீட்டுக்காரரோடு முன்பணத் தகராறு. நான் பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்வதைப் பார்த்துவிட்டு என்ன கேஸ் என்று விசாரித்தார். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"தம்பி, இவங்கள் போட்டாங்களெண்டால் எங்கட பெடியள் என்ன செய்யிறது?"

அவருடைய தம்பி அப்போது தமிழ்த் தேசிய ராணுவத்தில் இருந்தான். வடகிழக்கு மாகாண முதல்வர் வரதராஜப் பெருமாளின் அரசு, தனக்கென்று ஒரு பாதுகாப்பு வேண்டுமே என்று, இந்தியாவின் ஆதரவோடு திரட்டிய படை அது. ஆள் போதாதபோது தெருவில் போன பையன்களைப் பிடித்துச் சேர்த்தார்கள். "அவன் விரும்பிப் போகேல்லை. ரியூசனுக்குப் போனவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இப்ப அவன்ர கையில துவக்கு. ஆமி போனால் புலி விடுமோ?"

நான் சீனியரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்கு நம்ம கோர்ட்ல லோகஸ் இல்ல, கேஸ் போடற உரிமை இல்ல" என்றார். எஸ்.பி. குப்தா தீர்ப்பு 1981-இல் பொதுநல வழக்குக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தாலும், அந்தக் கதவு பாக் ஜலசந்திக்கு அந்தப்பக்கம் வரை அகலவில்லை.

மனு தயாரித்ததில் நான் கற்றுக்கொண்டது அதிகம். மகன் எழுதிய இன்லண்ட் கடிதங்களை ஹவில்தார் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. ராணுவ இடம், நடமாட்டம் பற்றி ஒரு வரி இருந்தாலும் மாட்டிக்கொள்வது மகன்தான். பட்டாலியன் எண்ணையும் சீனியர் அடித்துவிட்டார். அரசியல் சாசனத்தின் 33-ஆவது பிரிவுப்படி சிப்பாயின் அடிப்படை உரிமைகளையே பாராளுமன்றம் சுருக்கலாம் என்பதால், மகனின் உரிமை என்று எங்கும் எழுதவில்லை. தகப்பனின் மனு அது. 'படையை வாபஸ் பெற உத்தரவிடுக' என்ற கோரிக்கையும் போனது. 'எந்தக் கால வரம்புக்குள் திரும்பும் என்பதை மத்திய அரசு நீதிமன்றத்தில் தெரிவிக்க உத்தரவிடுக' என்று மாற்றினார்.

அட்மிஷனுக்கு வந்த அன்று சீனியர் அமெரிக்க நீதிபதி வில்லியம் டக்ளஸின் பெயரை எடுத்தார். கம்போடியா மீது குண்டு வீசுவதை நிறுத்தக் கோரி பாராளுமன்ற உறுப்பினர் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் தொடர்ந்த வழக்கு. 1973 ஆகஸ்டில் கோடை விடுமுறையில் ஊரில் இருந்த டக்ளஸ், யாகிமா நகர நீதிமன்றத்தில் தனியாக உட்கார்ந்து வாதம் கேட்டார். உயிர் போகிற விஷயம் என்பதால் மரண தண்டனை வழக்கைப் போல இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, குண்டுவீச்சைத் தடுக்கும் கீழ் நீதிமன்ற உத்தரவுக்கு உயிர் கொடுத்தார். அதே நாளில் மற்ற நீதிபதிகள் சேர்ந்து அதைக் கவிழ்த்துவிட்டார்கள். தோற்ற முன்னுதாரணத்தை எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நீதிபதிக்குப் புரிந்தது. "டக்ளஸுக்கே ஒரு நாள்கூட நிக்கல" என்றார் சிரித்துக்கொண்டு. "இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கடிதம் எழுதிட்டிருக்காங்க. மூணாவது கடிதம் நான் எழுதணுமா?"

மத்திய அரசு வழக்கறிஞர் எழுந்திருக்கவே அவசியம் வரவில்லை. வெளிநாட்டுக் கொள்கை நிர்வாகத்தின் பொறுப்பு, நீதிமன்றம் தலையிடாது என்று மனு தள்ளுபடியானது. அந்த உத்தரவில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எந்த ஊரில் படை நிற்க வேண்டும் என்று நீதிபதிகள் சொல்ல ஆரம்பித்தால் அடுத்து எந்த ஊருக்குப் போக வேண்டும் என்றும் சொல்ல நேரிடும்.

சில நாட்களில், ஜூலை 28-இல், கூட்டறிக்கை வந்தது. மறுநாள் சில நூறு பேர் அடையாளமாகக் கப்பலேறினார்கள். செப்டம்பர் 18-இல் கொழும்பில் செய்த உடன்பாடு டிசம்பர் 31-ஐக் குறித்தது. அதற்குள் ராஜீவ் தேர்தலில் தோற்றார், வி.பி. சிங் வந்தார். கடைசி அணி திருகோணமலையை விட்டுக் கிளம்பியது 1990 மார்ச் 24. சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. ஹவில்தாரின் மகன் திரும்பினான். சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் தரப்பு. பெரியவர் அடுத்த முறை வந்தபோது அந்த விஷயத்தை எடுத்தேன். "அவனும் தமிழன்தான தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

திருகோணமலைக்காரர் 1989 நவம்பரிலேயே வந்துவிட்டார். அமைதிப் படை அம்பாறையை விட்டு நகர்ந்ததும் அங்கிருந்த தமிழ்த் தேசிய ராணுவ முகாம்களைப் புலிகள் தாக்கினார்கள். தம்பி அம்பாறையில் இருந்தான். ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்று கேட்டார். ஆளை வைத்திருப்பவரை எதிர்மனுதாரராகக் காட்ட வேண்டும், அவர் இந்த நீதிமன்றத்தின் கைக்கு எட்ட வேண்டும். இரண்டும் இல்லை. கேஸை எடுக்கவில்லை. அடுத்த மார்ச்சில் வரதராஜப் பெருமாளின் ஆட்கள் குடும்பத்தோடு கப்பலில் வந்து, தமிழ்நாட்டில் தங்க இடமின்றி ஒரிசாவின் மல்கான்கிரிக்குப் போனார்கள். அந்தப் பட்டியலில் தம்பியின் பெயர் இருக்கிறதா என்று அவர் அலைந்து பார்த்தார். இல்லை. ஜூன் 19-இல் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் வரதராஜப் பெருமாளின் கட்சியான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-இன் தலைவர் பத்மநாபாவும் அவருடைய சகாக்கள் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை. வீட்டையும் காலி செய்துவிட்டதாகக் குமாஸ்தா சொன்னார்.

படை திரும்பியது சரி என்றே இன்றும் வாதாடுவேன். 1989-இல் அல்ல, 1987 அக்டோபரிலேயே திரும்பியிருக்க வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் வருவதற்கு ஷரத்து இருந்தது, போவதற்கு இல்லை. டெல்லியில் இனி யாராவது இப்படி ஒன்றை எழுத உட்கார்ந்தால் போகும் ஷரத்தை முதலில் எழுதட்டும். நம் படையை நம்பியோ, நம் படைக்காகப் பிடிக்கப்பட்டோ கூட நின்ற உள்ளூர்ப் பிள்ளைகள் எந்தக் கப்பலில் ஏறுவார்கள் என்று அதில் ஒரு உட்பிரிவும் இருக்கட்டும்.