ஒரு பிரேக் குழாயின் பொருட்டு

என் தகப்பனார் ஓட்டி, அவருக்குப் பின் என் வசம் வந்து சேர்ந்த 1978ஆம் ஆண்டு அம்பாஸடரை, ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு மாலை நேரத்தில் சைதாப்பேட்டைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நிறுத்த எண்ணி மிதித்தபோது, வழக்கமாகப் பாதி வழியிலேயே காலை எதிர்த்து நிற்கும் பெடல், யாதொரு தடையுமின்றித் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியரை இறக்கி, கை பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் இழுத்து, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழம் தூரத்தில் வண்டி நின்ற அந்தக் கணத்தின் நடுக்கம் இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றது புதுப்பேட்டைக்கு. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில், பிரித்துப் போட்ட கதவுகளுக்கும் எஞ்சின்களுக்கும் நடுவே, பிரேக் வேலை ஒன்றையே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் ஒரு மேஸ்திரியின் பட்டறை இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்தவர், பின் அச்சின் மேல் ஓடும் இரும்புக் குழாயில், கிளிப்புக்கு உள்ளே சேறு தங்கித் தங்கித் துரு அரித்திருந்த இடத்தை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார். ஊசி நுழையும் அளவே துவாரம். ஆனால் என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே சுற்றுதான். நான்கு சக்கரங்களுக்கும் அதிலிருந்தே எண்ணெய் போக வேண்டியிருப்பதால், எங்கே ஒழுகினாலும் நான்கும் சேர்ந்தே கைவிட்டுவிடும்.

குழாய்களையும் மூன்று ரப்பர் ஹோஸ்களையும் ஒருமிக்க மாற்றிவிடுவது என்று தீர்மானித்து, ஒரிஜினல் சாமான்தான் வேண்டுமென்ற பிடிவாதத்துடன் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குச் சென்று, கம்பெனி முத்திரையுள்ள ஒரு பழைய பெட்டியைக் கேட்ட விலை கொடுத்து வாங்கி வந்தேன். மேஸ்திரி பெட்டியைத் திறந்து, ஹோஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கழுத்துப் பக்கத்தில் மெல்ல வளைத்தார். மினுமினுப்பாகத் தெரிந்த ரப்பரில், கோடைக்கால ஏரிப் படுகைபோல் நுண்ணிய வெடிப்புகள் விரிந்தன.

“பொட்டிதான் சார் புதுசு, உள்ள இருக்கிறது கிழடு” என்றார்.

அம்பாஸடர் உற்பத்தி நின்றது 2014இல். அந்தப் பெட்டியோ அதற்கும் முந்தியது. ரப்பர், வண்டியில் ஓடாமல் அலமாரியில் உறங்கினாலும் மூப்படையும் பொருள். வெளியே வெடிப்பதைக் காட்டிலும் உள்ளே உப்புவது அபாயம் என்றார் மேஸ்திரி: காலின் பலத்துக்குப் போகும் எண்ணெய், பிரேக் ஷூவின் ஸ்பிரிங் பலத்துக்குத் திரும்பி வர முடியாமல் உப்பிய ரப்பருக்குள் சிக்கிக்கொள்ள, சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடேறும், காரணம் அறியாதவர்கள் வீல் சிலிண்டரை இரண்டு முறை மாற்றிப் பணத்தை வீணாக்குவார்கள். கார் கம்பெனி இப்பாகங்கள் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை, பிறரிடம் வாங்கித் தன் பெட்டியில் இடுவதும் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரிஜினல் என்ற சொல்லிடம் நான் கொண்டிருந்த பக்தியில் பாதி அட்டைப் பெட்டியிடம் கொண்ட பக்தியே என்று புலப்பட்டது. அன்றே, தயாரித்த மாதமும் வருஷமும் மேலே அச்சிட்ட புதிய ஹோஸ்களை வேறொரு தயாரிப்பாளர் பெயரில் வாங்கினேன்.

உலோகக் குழாயின் விஷயம் வேறு. செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி உலையில் பற்றவைத்த குழாய்தான் இத்தகைய வண்டிகளில் வழக்கமாக வருவது. பலத்தில் குறைவில்லை, துருவே அதன் சத்துரு. வெறும் செம்புக் குழாய் கைக்கு எளிதில் வளையும், பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஆயினும் ஓயாத அதிர்வில் இறுகி ஒருநாள் கீறிவிடும் என்பதால் மேஸ்திரி அதைத் தொடுவதில்லை. செம்பு தொண்ணூறு பங்கும் நிக்கல் பத்துப் பங்கும் கலந்த குழாய் இவ்விரண்டின் குறையும் இல்லாதது. வால்வோ கம்பெனி 1976 முதலே அதைத் தன் கார்களில் பொருத்தியது. உப்புக் காற்றடிக்கும் சென்னையில் வாழும் வண்டிக்கு அதுவே தகுந்தது என்று நான் அதில் ஒரு சுருள் வாங்கினேன். காசு கூடுதல்தான், வருத்தமில்லை.

அந்தச் சுருளை அவர் குழாயாக்கிய விதத்தை இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய குழாயைத் தரையில் கிடத்தி, அதன் ஒவ்வொரு வளைவுக்கும் நேராகப் புதியதை வைத்து, பள்ளம் வெட்டிய சிறு உருளையில் நசுங்காமல் வளைத்தார். முனையை அரத்தால் சமப்படுத்தி, உட்பிசிறு நீக்கி, யூனியன் நட்டை முதலில் கோத்துவிட்டு, இடுக்கியில் இறுக்கினார். முதல் அழுத்தில் முனை காளான்போல் குவிந்தது. கூம்பை வைத்து அழுத்திய இரண்டாம் அழுத்தில் குவிந்த உதடு உள்ளே மடிந்து இரட்டைத் தடிமனாயிற்று. பூதக்கண்ணாடியில் பார்த்து, உதடு ஒருபுறம் சற்றே சாய்ந்திருந்த ஒன்றை, எனக்குக் குறையே தெரியாதபோதும், அப்படியே வெட்டி எறிந்தார்.

ரெடிமேடாக விற்கும் குழாய்களில் அவர் அஞ்சுவது நட்டைத்தான். அம்பாஸடரின் நட்டு அங்குலக் கணக்கு, எட்டில் மூன்று. இக்காலத்துக் கார்களில் பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர். இரண்டுக்கும் அரை மில்லிமீட்டர்தான் பேதம். சிறியது பெரிய துளையில் சற்றே தளர்வாக ஏறி, இறுகியது போலவே பாசாங்கு செய்து, கடுமையாக மிதிக்கும்போது சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டை எட்டக்கூடிய அழுத்தத்தில் மரையோடு பிடுங்கிக்கொள்ளும். ஆகையால் நட்டு ஒவ்வொன்றையும் விரலாலேயே கடைசிவரை ஏற்றிப் பார்த்த பிறகே ஸ்பானரைத் தொட்டார்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான இடது பின்சக்கரத்திலிருந்து தொடங்கி, பட்டறைப் பையன் பெடலை மிதிக்க, மேஸ்திரி காற்றெடுத்தார். “தம்பி, அமுக்கு… பிடி… விடாதே” என்று அவர் சொல்லச் சொல்ல, சீசாவுக்குள் குமிழிகள் குறைந்து குறைந்து, பின் எண்ணெய் மட்டும் தெளிவாக வந்தது. அதன்பிறகு என்னை ஆசனத்தில் உட்கார்த்தி, பெடலைப் பலமாக மிதித்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு, செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக்கொண்டு அடியில் புகுந்தார். என் காலின் கீழ் பெடல் கல்லாய் நின்றது. ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு துண்டைச் சுற்றி எடுத்து, கறை உண்டா என்று விளக்கடியில் பார்த்து, தரையில் வரிசையாக வைத்துக்கொண்டே போனார். என் கால் கடுக்கத் தொடங்கிய பிறகு, கடைசித் துண்டையும் உலர்ந்தபடியே கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்:

“இப்ப காலை எடுக்கலாம் சார்.”