அப்பா பேரில் போடும் முதல்

கோட்டைக்குப்பம்,
பழவேற்காடு.

அன்புள்ள அண்ணா,

முகத்துவாரம் மறுபடி மணல் தூர்ந்து கிடக்கிறது. இறால் வரத்து குறைவு.

அப்பா பேரில் தர்மத்துக்கு நீ தரப்போகும் பத்து லட்சத்தை ஒரே வருடத்தில் நோட்டுப் புத்தகமும் அன்னதானமுமாகக் கரைத்துவிட வேண்டாம். முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் செய்வோம்.

இது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்டார்கள். வாங்கிய இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தாலும் குட்டி ஈடுகட்டும்; கணக்கில் 96 குறையாது. பணம் அப்படிக் குட்டி போடாது, விலைவாசி அதைத் தின்றுவிடும். 7 சதவீதம் வட்டி என்றால் வருடம் 70,000 ரூபாய். அதில் 40,000 செலவு, மிச்சம் 30,000 முதலோடு சேரட்டும்.

முதலை இறுக்கிக் கட்டு, நோக்கத்தை இறுக்காதே. பெரியபாளையத்தில் பிறந்த பச்சையப்ப முதலியார் 1794-இல் கண்மூடும் முன் கோயில் தர்மங்களுக்கு எழுதிவைத்தார். அது வழக்கில் சிக்கி, கோர்ட் தலையிட்டு, மிஞ்சிய பணம் படிப்புக்குத் திரும்பிய பிறகு 1842-இல் பள்ளி வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிரெடெரிக் காஃப் என்ற பேங்க்காரர் 1914-இல் இதற்கு வழி கண்டார்: பலரும் கொடுப்பது ஒரே பொதுநிதி; எதற்குச் செலவிடுவது என்பதைக் காலத்துக்கேற்ப ஊர்க்காரர் குழு தீர்மானிக்கும். ‘இறால் வலை வாங்க மட்டும்’ என்று நீ எழுதிவைத்து, நாளை முகத்துவாரமே அடைத்துக்கொண்டால் யாருக்கு லாபம்?

பணம் யார் கையில் இருப்பது என்பதும் முக்கியம். பாடு முறையில் நம் மூன்று குப்பத்து ஆண்கள் ஏரியை முறைவைத்துப் பங்கிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தினமும் அடிதடிதான். ஆனால் அதில் பெண்ணுக்கு முறை கிடையாது. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கும் கிடையாது. சுனாமி நிவாரணத்திலும் ஆண்களை வைத்துக் குடும்பத்தை எண்ணும் தலைக்கட்டுக் கணக்குப் பார்த்துப் பல கடலோர ஊர்களில் விதவைகளை விட்டுவிட்டார்கள். அதனால் பணம் ஊர்ப் பஞ்சாயத்துக் கைக்குப் போக வேண்டாம். பதிவு செய்த அறக்கட்டளையாக இருக்கட்டும். அறங்காவலரில் பாதிப் பேர் பெண்கள், இருளர் ஒருவராவது. வருடா வருடம் ஆடிட் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

அனுப்பும்போது ‘கார்ப்பஸ் நிதிக்கு’ என்று கைப்பட எழுதிக் கொடு. இல்லாவிட்டால் சாதாரண நன்கொடையாகச் சேர்ந்து செலவாகிவிடும். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை உன் சம்பாத்தியம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. அண்ணி சொல்கிறபடி சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்குவதாக இருந்தால், அதற்கு முன்னாலேயே அனுப்பிவிடு.

மாமா கோயில் வாசலில் அப்பா பேர் போட்டு வளைவு கட்டலாம் என்கிறார். கட்டட்டும், அவர் செலவில். நீ சரி என்றால் வரும் வாரமே பத்திரம் எழுதுபவரைப் பார்க்கிறேன். அறங்காவலராக யார் யாரைப் போடலாம் என்று நீயும் யோசித்து எழுது. அம்மா பேரை முதலில் போடு.

அன்புடன்,
உன் தங்கை