முகமாலையில் விளையாடும் பிள்ளைகள்

பரந்தனில் பஸ் ஏறி ஏ-9 வீதியால் வடக்கே போனால் ஆனையிறவு, இயக்கச்சி, பளை தாண்டி முகமாலை வரும். தென்னையும் பனையும் செழித்திருந்த மண். போரின் முன்னரங்கக் காவலரண்கள் பல ஆண்டுகள் இங்கேதான் இருந்தன. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துப் பாதை மூடப்பட்டதும் இங்கேதான். 2009இல் போர் முடிந்த பின்னரும் மிதிவெடிகள் மண்ணுக்குள் கிடந்தன. அதனால் சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்ப நீண்ட காலம் காத்திருந்தார்கள். வெடி அகற்றும் வேலைக்குப் பெண்களும் நிறையப் பேர் போனார்கள். குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்களும் அவர்களில் உண்டு.

அப்படி ஒரு சகோதரியின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். முற்றத்தில் அவருடைய ஆறு வயது மகளும் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஈர்க்கில்களில் சிவப்புத் துணி கட்டி மண்ணில் குத்தியிருந்தார்கள். மகள் முழங்காலில் இருந்து தடியால் மண்ணை மெல்லத் தடவினாள். சிரட்டை ஒன்று தட்டுப்பட்டதும், “எல்லாரும் தள்ளி நில்லுங்கோ!” என்று கத்தினாள். அதைப் பக்குவமாக எடுத்துத் தூரத்தில் வைத்துவிட்டு, “முடிஞ்சுது, இனி வரலாம்” என்றாள்.

தாய்க்கு மனம் சரியில்லை. “பாருங்கோ அக்கா, இவளுக்கு விளையாட வேறை ஒண்டும் இல்லையே? ஏசியும் பாத்திட்டன், கேக்கிறாளில்லை.”

“நீங்கள் வேலைக்குப் போகேக்கை அழுகிறவளோ?”

“முந்தி காலைக் கட்டிப்பிடிச்சு அழுவாள். இப்ப கொஞ்சக் காலமா அழுறேல்லை.”

சகோதரிகளே, தன் பயத்தைச் சொல்லச் சிறு பிள்ளைக்குச் சொற்கள் போதாது. அது விளையாடிக் காட்டுகிறது. இந்த விளையாட்டில் அம்மா ஒவ்வொரு முறையும் வேலையை முடித்துப் பத்திரமாக எழும்புகிறாள். அதை ஏன் தடுக்க வேண்டும்? ஆனால் சந்தோசமே இல்லாமல் ஒரே விளையாட்டை வாரக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஆடி, நித்திரையும் குழம்பினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். உண்மையில் அறியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடக்கூடாது. விலகி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

விளையாட்டு வீண்பொழுது என்று நினைப்பவர்களுக்கு ஜமெய்க்கா நாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அதன் தலைநகர் கிங்ஸ்டனில், 1986-87 காலத்தில், வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை வைத்து ஆய்வொன்று தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் இரண்டு வருடம் வாரந்தோறும் போய், வீட்டில் செய்த விளையாட்டுப் பொருட்களால் பிள்ளையோடு விளையாடத் தாய்மாருக்குப் பழக்கினார்கள். 20 வருடங்களின் பின் பார்த்தபோது, அப்படி விளையாடி வளர்ந்தவர்களின் உழைப்பு மற்றவர்களுடையதைவிட 25 வீதம் கூடியிருந்தது.

இதற்குக் காசு தேவையில்லை. சிரட்டையில் மண்சோறு, ஓலையில் காற்றாடி, ஐந்து கல்லில் கொக்கான், கோடு கீறினால் கிளித்தட்டு. எண்ணவும், முறை வரும்வரை பொறுக்கவும், தோற்றாலும் மறுபடி சேரவும் பிள்ளை இவற்றிலேயே பழகுகிறது. பொழுதுபடுமுன் கால்மணி நேரம் முற்றத்தில் பிள்ளையோடு இருங்கள். எந்த விளையாட்டு என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.