கடைசி வரிசை சங்கர்

டெல்லி செங்கோட்டையில (நம்ம தென்காசி பக்கத்துச் செங்கோட்டை இல்லீங்க) 1948 மே 27 அன்னிக்கு காந்தி கொலை வழக்கு ஆரம்பிச்சப்ப எடுத்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. முன்வரிசையில நாதுராம் கோட்சே, ஆப்தே, கார்க்கரே. பின்னால கறுப்புத் தொப்பியோட சாவர்க்கர். எல்லார் கண்ணும் இவங்க மேலதான் போகும்.

எனக்கென்னவோ பின்வரிசையில இருக்கற சங்கர் கிஷ்டய்யா மேலதான் கண்ணு போகுது. இவர் திகம்பர் பாட்கே என்கிற ஆயுத வியாபாரியோட வேலைக்காரர். போட்டோவில முதலாளியும் வேலைக்காரரும் ஒண்ணா குற்றவாளிக் கூண்டில இருக்காங்க.

அடுத்த மாசமே பாட்கே அப்ரூவர் ஆயிட்டார். மன்னிப்பு கிடைச்சுது. சொன்ன வேலையைச் செஞ்ச சங்கருக்கு? 1949 பிப்ரவரி 10 அன்னிக்கு நீதிபதி ஆத்மசரண் தீர்ப்பு சொன்னார். கோட்சேவுக்கும் ஆப்தேவுக்கும் தூக்கு, சாவர்க்கர் விடுதலை, சங்கருக்கு ஆயுள்!

நல்லவேளை, அப்பீல்ல சிம்லாவில இருந்த கிழக்கு பஞ்சாப் ஹைகோர்ட் 1949 ஜூன்ல சங்கரை விடுதலை பண்ணிடுச்சு. அதுக்குள்ள ஒரு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தாச்சு.

எங்க வடக்கனந்தல் பக்கம் பண்ணையாள் யாரும் 'எதுக்குங்க?'ன்னு முதலாளியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 'எடுத்துட்டு வா'ன்னா எடுத்துட்டு வருவாங்க. மாட்டிக்கிட்டா சாட்சி சொல்லித் தப்பிக்க முதலாளிக்குத் தெரியும். ஆளுக்கு என்ன தெரியும்?

சரித்திரப் புத்தகத்துல கோட்சேவுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. சங்கருக்கு ஒரு வரி கிடைச்சா அதிகம். அடுத்த தடவை அந்தப் போட்டோவைப் பார்த்தா, பின்வரிசையையும் கொஞ்சம் பாருங்க மக்களே.