எண்களுக்கும் வயசு உண்டு

அம்மாடி,

உன் சாப்ட்வேர் கெட்டுப்போகவில்லை. நீ அதற்குக் கொடுத்திருக்கிற எண்கள் பழசாகிவிட்டன, அவ்வளவுதான். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வருகிறது என்று லேப்டாப் காட்டியதாம், நீயும் உன் அறைத்தோழியும் ஹாஸ்டல் மாடியில் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம், 437.800 மெகாஹெர்ட்ஸில் ஒரு கரகரப்புகூட வரவில்லையாம். எண்கள் எத்தனை நாள் பழசு என்று போனில் கேட்டேன். "அதை எங்கே தாத்தா பார்க்கிறது?" என்றாய். போனில் விளக்கினால் பாதியில் உன் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

திரையில் ஓடுகிற அந்தப் புள்ளி செயற்கைக்கோள் இல்லை. உன் கணினி வானத்தைப் பார்க்கவே இல்லை. என்றைக்கோ ஒரு நாள் யாரோ ரேடாரில் பார்த்து அளந்து எழுதிய இரண்டு வரி எண்களை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அங்கே இருந்தது, இந்தப் போக்கில் போனது, ஆகவே இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அந்தக் கணக்கு முறைக்கு எஸ்.ஜி.பி.4 என்று பெயர். 1980-ல் அமெரிக்க ராணுவ அறிக்கை ஒன்றில் அதை வெளியிட்டார்கள். ஜிபிரெடிக்ட் ஆகட்டும், ஆர்பிட்ரான் ஆகட்டும், உள்ளே ஓடுவது இந்தக் குடும்பத்துக் கணக்குதான்.

நம் வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் வாங்குவது உனக்குத் தெரியும். பாட்டிக்கு வாக்கியம், எனக்குத் திருக்கணிதம். 2023-ல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே சனி, ஒரே வானம், பதினோரு மாத வித்தியாசம். வாக்கியம் பழைய சூத்திரத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. (இதைப் பாட்டியிடம் படித்துக் காட்டாதே.) சனி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய முப்பது வருஷம். விண்வெளி நிலையம் ஒரே நாளில் பதினைந்தரை சுற்று சுற்றுகிறது. திருத்தாமல் விட்டால் எவ்வளவு சீக்கிரம் தப்பும் என்று நீயே யோசித்துக்கொள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எங்கே பார்ப்பது? தரவுக் கோப்பைத் திற. சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் பெயர், அதன் கீழே இரண்டு வரி, வரிக்கு 69 இடம். துளை அட்டைக் காலத்து வடிவம் அது. ஒரு இடம் தள்ளிப்போனாலும் பொருள் மாறிவிடும். விண்வெளி நிலையத்தின் எண் 25544. அடுத்து 98067ஏ என்ற குறி: 1998-ம் வருஷத்தின் அறுபத்தேழாவது ஏவுதல், அதில் முதல் பொருள். அந்த வருஷம் நவம்பர் 20-ல் போன ஸார்யா என்கிற பகுதிக்குக் கொடுத்த எண்ணை, அதன்மேல் கட்டிய முழு நிலையமும் இன்றுவரை சுமக்கிறது.

அதற்கு அடுத்ததுதான் நீ தேடுவது. உதாரணத்துக்கு 25074.50000000 என்று இருக்கிறது என்று வை. 25 என்றால் 2025. 074 என்றால் அந்த வருஷத்தின் எழுபத்து நாலாவது நாள், மார்ச் 15. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற 5 அரை நாள். உலக நேரப்படி பகல் 12 மணி, நமக்கு மாலை ஐந்தரை. இதை ஈபாக் என்பார்கள். இந்த எண்களின் பிறந்த நேரம் இது. இன்றைய தேதியிலிருந்து அதைக் கழித்தால் வயசு வந்துவிடும். சாப்ட்வேரைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், வரைபடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வரியில் பாதையின் சாய்வு 51.6 பாகை என்று இருக்கும். பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பதைச் சொல்லும் எண்ணில் தசமப் புள்ளியே இருக்காது. 0006703 என்று எழுதியிருந்தால் 0.0006703 என்று நீயாகப் படித்துக்கொள்ள வேண்டும். வரியின் கடைசிப் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பது வரும்.

இரண்டு வரிகளிலும் கடைசி இலக்கம் சரிபார்க்க வைத்தது. அதைத் தவிர வரியில் உள்ள மற்ற எல்லா இலக்கங்களையும் கூட்டு. கழித்தல் குறி வந்தால் ஒன்று என்று சேர்த்துக்கொள். எழுத்து, புள்ளி, இடைவெளி எல்லாம் பூஜ்யம். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு இந்த ஒரு இலக்கம்தான் துணை. வீட்டில் நெட் கிடையாது. காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெரியவர் கெப்ஸ் வாசிப்பார். கெப்ஸ் என்றால் இதே எண்கள்தான். கெப்ளர் பெயரைச் சுருக்கி ஹாம்கள், அதாவது எங்களைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், வைத்த பெயர். நாங்கள் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் ஒரு இலக்கம் போச்சு. இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும். ரேடியோக்காரர்கள் ‘நைனர்’ என்று சொல்வது அதனால்தான். கூட்டிப் பார்த்துக் கடைசி இலக்கம் ஒத்துவராவிட்டால், எந்த இடத்தில் தப்பியது என்று மறுநாள் காலை அவரிடம் கேட்க வேண்டும். அவர் சலிக்காமல் மறுபடியும் வாசிப்பார்.

கவனி, அந்த இலக்கம் ஒத்துப்போனால் நகல் சரி என்றுதான் அர்த்தம். எண் புதுசு என்று அர்த்தமில்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய வரியும் அச்சுப் பிசகாமல் கூடும். பிழையில்லாதது வேறு, பழசாகாதது வேறு. இந்த ஒன்றை இருபது வயசில் புரிந்துகொண்டாயானால் உனக்குப் பல சண்டைகள் மிச்சம். உறவில் சிலர் உண்டு, உனக்கே தெரியும். கல்யாண வீட்டில் யாரைப் பார்த்தாலும் அவன் ப்ளஸ் டூவில் கோட்டை விட்டதைத்தான் சொல்வார்கள். சொல்வது பொய் இல்லை. அவன் அதற்குப் பிறகு எங்கெங்கோ போய்விட்டான். இவர்களிடம் இருப்பது அந்த வருஷத்து வரி. யாரைப் பற்றியாவது உறுதியாக ஒரு அபிப்பிராயம் சொல்ல வாய் திறக்கும்போது, அவரை நான் கடைசியாக நேரில் பார்த்தது எப்போது என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வது எனக்கு இந்தப் பொழுதுபோக்கு தந்த பழக்கம்.

எண்கள் ஏன் பழசாகின்றன? நானூறு கிலோமீட்டர் உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அது நிலையத்தை உரசி உரசிக் கீழே இறக்குகிறது. எவ்வளவு உரசும் என்பது சூரியனின் கையில். சூரியன் கொந்தளித்தால் மேல்வளி மண்டலம் சூடேறி உப்பும், உரசல் கூடும். 1979 ஜூலையில் ஸ்கைலாப் என்ற பழைய விண்வெளி நிலையம் விழுந்தது இப்படித்தான்; சூரியன் எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாக இருந்ததால் அது முன்கூட்டியே இறங்கியது. நம் ஊர்ப் பக்கங்களில் நம் தலையில்தான் விழும் என்று நம்பி ஆட்டையும் கோழியையும் அடித்துச் சாப்பிட்டுத் தீர்த்தவர்களின் கதைகள் உண்டு. விழுந்தது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் நாற்பது வரை ஒரு சூரியப் புயலில் போய்விட்டன. இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில்தான் இருந்தன, உப்பிய காற்று அவற்றை மேலே ஏற விடவில்லை.

நிலையத்தின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. இறங்க இறங்க அவ்வப்போது ராக்கெட்டை எரித்து மேலே தள்ளுவார்கள். உன் கணினிக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார். பாதை சராசரியாக 2 கிலோமீட்டர் உயர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை விநாடி கூடும். நாளுக்குப் பதினைந்தரை சுற்று என்றால் நாற்பது விநாடி அளவுக்குப் பிந்தும். ஒரு வாரத்தில் நாலு நிமிஷத்துக்கு மேல். அடிவானத்தில் எழுந்து அடிவானத்தில் மறைய மொத்தமே பத்து நிமிஷம். நீ மாடியில் ஆன்டெனாவை நடு வானத்துக்குத் திருப்பியபோது அது இன்னும் எங்கோ கீழே வந்துகொண்டிருந்திருக்கும்.

எல்லாமே இந்த வேகத்தில் கெடாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள். நிலையத்துக்கு ஒரு நாள், இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது நல்லது. ஆஸ்கார் 7 என்ற ஹாம் செயற்கைக்கோள் சுமார் 1,450 கிலோமீட்டரில் போகிறது. அங்கே உரசல் இல்லாததுபோலத்தான், ஒரு மாதத்து வரியை வைத்தே பிடித்துவிடலாம். புவிநிலைப் பாதையில் இருக்கிற க்யூஓ-100 என்ற செயற்கைக்கோளுக்கு டிஷ்ஷை ஒருமுறை சரியாகத் திருப்பினால் போதும். எல்லாவற்றையும் தினமும் சந்தேகப்பட்டால் வாழ முடியாது. எது சீக்கிரம் பழசாகும் என்று தெரிந்து அதை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். நான் வாங்குகிற மருந்துச் சீட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வங்கியில் நாமினி பெயர் வருஷத்துக்கு ஒருமுறை. பாட்டிக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்பது நாற்பது வருஷமாக மாறவில்லை.

இனி உன் பக்கத்துக்கு வருவோம். வானத்து எண்களைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் தங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அந்த லேப்டாப் பழசு. உள்ளே இருக்கிற பாட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் நேரம் தப்பும். கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பினால் நிலையம் 450 கிலோமீட்டருக்கு மேல் தப்பும். நெட்டிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி வை. அடுத்து ஊர். நீ திருச்சியில் இருந்தபோது நான் போட்டுக் கொடுத்த 10.8 வடக்கு, 78.7 கிழக்கு இன்னும் அப்படியே இருக்கும், பந்தயம். சென்னைக்கு 13.1, 80.3. இந்த முந்நூறு கிலோமீட்டரில் மட்டும் நாற்பது விநாடி வரை போகும். சில பழைய சாப்ட்வேர்கள் மேற்கைத்தான் கூட்டல் என்று எடுத்துக்கொள்ளும். அதில் 80 என்று மொட்டையாகப் போட்டால் உன்னை அமெரிக்கப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

புதுப்பிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் முடிந்தது. முடிந்தது என்று அது சொன்னாலும் நம்பாதே, ஈபாக்கைப் பார். இணைய முகவரி மாறியிருக்கும், கல்லூரி வைஃபை தடுத்திருக்கும், எண்களுக்குப் பதிலாக ஏதோ ஒரு பிழைப் பக்கம் கோப்பாக இறங்கியிருக்கும். இன்னொரு சிக்கல்: பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட செயற்கைக்கோளுக்குப் புது வரி வராது, சாப்ட்வேர் கையில் இருக்கிற பழைய வரியை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச காலம் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழக மாணவர்களின் அனுசாட் 2009 ஏப்ரல் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 2012 ஏப்ரலில் எரிந்து விழுந்துவிட்டது. அதன் பழைய வரியை அழிக்காமல் வைத்திருந்தவர்களின் திரையில் அதற்குப் பிறகும் அது சென்னைக்கு மேல் போயிருக்கும்.

எதையும் அவசரப்பட்டு அழித்துவிடவும் கூடாது. ஆஸ்கார் 7, 1974 நவம்பரில் போனது. 1981-ல் பாட்டரி பழுதாகி ஊமையாகிவிட்டது. எல்லோரும் தலைமுழுகிவிட்டார்கள். 2002 ஜூனில் இங்கிலாந்தில் ஒரு ஹாம் அடையாளம் தெரியாத மோர்ஸ் சமிக்ஞை ஒன்றைக் கேட்டார். பார்த்தால் அதேதான். பாட்டரி இல்லாமல், வெயில் படும்போது மட்டும் சூரியத் தகட்டில் ஓடுகிறது. இருபத்தொரு வருஷம் அது பேசாமல் இருந்தபோதும் ரேடார்க்காரர்கள் அதன் வரியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்ததால், இன்னார் என்று சொல்ல முடிந்தது.

அந்த ரேடார்க்காரர்களை மறக்காதே. அமெரிக்க விண்வெளிப் படையின் ரேடார்களும் தொலைநோக்கிகளும் இரவு பகலாகப் பார்த்துத் தருவது இது. நீ எண்களை இறக்கிக்கொள்கிற செலஸ்ட்ராக் தளத்தை டி.எஸ். கெல்சோ என்பவர் 1985-ல் மோடம் வழி அறிவிப்புப் பலகையாகத் தொடங்கினார். காசு கேட்காமல் இன்றுவரை தருகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அங்கே புதுத் தரவு வருகிறது. உன் வகுப்புப் பையன்கள் நிமிஷத்துக்கு ஒருமுறை இறக்க நிரல் எழுதியிருக்கிறார்கள் என்றாயே, அதை நிறுத்தச் சொல். அப்படிச் செய்கிறவர்களை அவர்கள் தடுத்துவிடுகிறார்கள். உங்கள் கல்லூரி முழுக்க ஒரே முகவரியில் போகிறது என்றால் உனக்கும் சேர்த்துக் கதவு மூடும்.

கடைசியாக ஒன்று. 25544 மாதிரி ஐந்து இலக்க எண்கள் 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆறு இலக்கம் வந்தால் இந்த இரண்டு வரியில் அதற்கு இடமில்லை. அதனால் ஓ.எம்.எம். என்ற புது வடிவத்திலும் இப்போதே தருகிறார்கள். நீ வைத்திருக்கிற பதிப்பு அதைப் படிக்குமா என்று பார்த்து எழுது. என் மேஜைக் கணினியில் இருக்கிறது படிக்காது. தீபாவளிக்கு வரும்போது எனக்கு அதை மாற்றிக் கொடு.

அன்புடன்,
தாத்தா