மலை வீட்டுக் கணப்பும் அம்மாவின் அடுப்பும்

வெயில் கொளுத்தும் நம் நாட்டில் வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதா என்று சிரிக்காதீர்கள். கேமரன் மலையில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

சென்ற பள்ளி விடுமுறையில் அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். தாப்பாவிலிருந்து, 1931-இல் போட்டு முடித்த பழைய சாலை வழியே பயணம். லாத்தா இஸ்கந்தர் அருவியில் இறங்கிக் கால் நனைத்தோம். வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்த அம்மா, ரிங்லெட் வருமுன்பே கணக்கை விட்டுவிட்டார். தேயிலைச் சரிவுகளைக் கண்டதும் அவர் பேச்சும் நின்றது. நம்மவர் கைகள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மலையல்லவா!

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பங்களா ஒன்றில் தங்கினோம். கூடத்துச் சுவரில் கல்லால் கட்டிய கணப்பு இருந்தது. அதைப் பார்ப்பதில் எனக்கொரு காரியமும் இருந்தது. தோட்டத்து வீட்டை விட்டுப் பட்டணத்து ஓரத்தில் சிறு வீடு கட்டி வருகிறோம். பின்கட்டில் விறகடுப்பு வேண்டுமென்பது அம்மாவின் பிடிவாதம். புகை ஆகாது என்பது மனைவியின் கட்சி. வீடு கட்டுபவரோ, சுவரில் ஓட்டை போட்டுக் குழாயைக் கூரை இறவாணத்துக்கு அடியில் நீட்டிவிட்டால் போதும் என்றிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் பங்களாக் காவலரான பெரியவர் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். புகைபோக்கியின் கழுத்தில் இருந்த இரும்புத் தகட்டைத் திறந்தார். பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, அந்தக் கழுத்தருகே சற்று நேரம் பிடித்தார்.

“உள்ளே பனிக்காத்து அடைஞ்சு கிடக்கும், சார். சூடு காட்டி முதல்ல அதைக் கிளப்பணும்” என்றார். பிறகு சன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்தார்.

“குளிருக்குத்தானே நெருப்பு? சன்னலை ஏன் திறக்கிறீர்கள், ஐயா?” என்றாள் மனைவி.

“மேலே போற காத்துக்குப் பதிலா வெளியிலேருந்து காத்து வரணும், தாயி. எல்லாத்தையும் அடைச்சா புகை நம்ம மூஞ்சிக்குத்தான் வரும்.”

பள்ளியில் நான் கற்பிக்கும் பாடந்தான் இது. சூடான காற்று இலேசாகி மேலே எழும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று ஓடி வரும். புகைபோக்கி உயர்ந்திருந்தால் இழுவை கூடும். 1796-இல் ரம்ஃபோர்டு பிரபு என்ற அறிஞர், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, கழுத்தைக் குறுக்கினால் வெப்பம் அறைக்கும் புகை வானுக்கும் போகும் என்று எழுதினார்.

எங்களுடைய நெருப்பும் புகையின்றி எரிந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “குளிர் காயற நெருப்புக்குக்கூடத் துரை வழி விட்டிருக்கான். நாங்க சோறாக்கின நெருப்புக்கு ஒரு வழி இல்லையேப்பா.”

எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் லயத்து அடுப்படிக்குப் புகைபோக்கி இல்லை. விடியற்காலையில் பால்மர விறகை ஊதி ஊதிச் சமைத்துவிட்டு வெட்டுக்குப் போனவர் அவர். இன்றும் அவரை விடாத இருமலுக்கு அந்தப் புகையும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் அடையும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

ஊர் திரும்பியதும் கட்டுபவரிடம் வரைபடத்தை மாற்றச் சொன்னேன். அடுப்புக்கு மேல் கூண்டு. அதிலிருந்து வளைவில்லாமல் நேரே ஏறும் குழாய். கூரையைத் துளைத்த இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இறவாணத்தடியில் முடிந்தால் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும். மரச் சட்டங்களைச் சூடு தொடாமல் இடைவெளி விட வேண்டும். மழைக்கு மூடி, ஆண்டுக்கொரு முறை கரி சுரண்டல், நன்றாக உலர்ந்த விறகு — இவையும் மறக்கக் கூடாதவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போகிறவர்கள் குளிருக்காக அடைத்த அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும்.

புது வீட்டுக்குக் குடி போகும் நாளில் அந்த அடுப்பில்தான் பால் பொங்கப் போகிறது. முதல் விறகை அம்மாதான் வைக்க வேண்டும் என்று என் மனைவியே சொல்லிவிட்டாள். நீங்களும் வீடு கட்டுகிறீர்களா? வாசலுக்கு நல்ல நேரம் பார்க்கும்போது, அடுப்படியில் நிற்கப் போகிறவரின் மூச்சுக்கும் ஒரு வழி பார்த்து வையுங்கள்.