ஓடுறத எதுக்குங்க கழட்டோணும்?

உரிமையாளர் எழுதிக் கொண்டுவந்த பட்டியலில் இருந்த சாமான்களில் ஓடாதது ஒன்றுகூட இல்லை.

மதுக்கரையில், பாலக்காடு சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கொட்டகைக்குள் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது 1968ஆம் வருட அம்பாசடர் மார்க் 2. நெருக்கமாகக் கட்டம் போட்ட கிரில், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். உரிமையாளரின் அப்பா வாங்கிய வண்டி. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், வேறு கார்பரேட்டர், முழு பெயிண்ட் என்று மகன் கேட்கிறார். மெக்கானிக்குக்கு அறுபது தாண்டியிருக்கும். பட்டியலைப் படித்துவிட்டு, "எல்லாம் ஓடுதுங்களே, ஓடுறத எதுக்குங்க கழட்டோணும்?" என்றார்.

சொன்ன கையோடு, பட்டியலில் இல்லாத ஒன்றைக் கழற்றினார்: முன் சக்கரத்து பிரேக் ஹோஸ். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது என்றார் உரிமையாளர். மெக்கானிக் ஹோஸை மடக்கிக் காட்டினார்; வளைவில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. உள்ரப்பர் உப்பினால் மிதித்த ஆயில் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே கிடக்கும். வெடித்துவிட்டால் இன்னும் மோசம். இந்த மாடலில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும்.

"டைனமோ சொல்லிட்டுக் கெடுமுங்க. இது சொல்லாமக் கெடும்." அவருடைய கணக்கு அவ்வளவுதான். பழசா புதுசா, ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

டைனமோவை அவர் பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. கம்யூட்டேட்டர் கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. லேத்தில் கட்டி மெலிதாக ஒரு சீவு சீவியதும் செம்பு பளிச்சென்று வந்தது. பிறகு உடைந்த ஹேக்சா பிளேடு துண்டால், செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை ஒவ்வொரு கோடாகக் கீறி இறக்கினார். மைக்கா மேலே நின்றால் பிரஷ் துள்ளும், நெருப்புப் பொறி பறக்கும். புது பிரஷ், ஒரு புஷ்; மறுபடி மாட்டிவிட்டார். பம்பு செட்டுக்கும் மில்லுக்கும் லேத் ஓட்டிப் பழகிய ஊரில் இதெல்லாம் பெரிய வித்தையில்லை.

ஆனால் டைனமோவுக்கு ஒரு குறை உண்டு. வண்டி நின்று ஐடிலில் ஓடும்போது சார்ஜ் ஏறாது. ராத்திரி உக்கடம் சிக்னலில் ஹெட்லைட்டோடு நின்றால் டாஷ்போர்டில் சார்ஜ் சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கும். தினமும் அப்படிப் போகிறவர் என்றால் நானே ஆல்டர்னேட்டருக்குத்தான் கை தூக்குவேன், பாடியில் புது ஓட்டை போடாமல், ஏற்கனவே இருக்கும் பிராக்கெட்டிலேயே அது உட்காருமானால். இந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வண்டி. பாயிண்டும் அப்படித்தான்: வழியில் நின்றால் உப்புத்தாளால் தேய்த்து, 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம்.

வீல் சிலிண்டரை மாற்றவும் இல்லை, அப்படியே விடவும் இல்லை. துருவில் குழி விழுந்த உட்புறத்தைக் கடைந்து பித்தளை ஸ்லீவ் இறக்கினார்கள். வார்ப்பு பழசு, வேலை பார்க்கும் பரப்பு புதுசு. அம்பாசடர் தயாரித்த உத்தரபாரா தொழிற்சாலை 2014இல் மூடிய பின், பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று சொல்லிச் சாமான்களை நல்ல விலைக்கு விற்கிறார்கள். இரும்புக்கு அது சரி. ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பெட்ரோல் பம்ப் டயாப்ரமும் ட்யூபும் பழசாக இருக்கவே கூடாது என்பதில் அவர் கறார்.

உரிமையாளருக்கு விண்டேஜ் பதிவு வாங்க ஆசை. 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, சேஸி, பாடி, இன்ஜின் மாற்றாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் விண்டேஜ் பதிவு. ஆனால் அதற்குப் பிறகு அன்றாட ஓட்டம் கிடையாது. கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்கு மட்டும்தான். கோயில் பயணம் அதில் வராது என்றதும் அவர் முகம் சுருங்கியது.

கடைசியில் பெயிண்ட். கதவு இடுக்கில் கம்பெனி பெயிண்ட் மங்காமல் இருக்கிறது. வெளியே வெயிலில் வெளுத்திருக்கிறது. சுரண்டினால் திரும்ப வராதது இந்த வண்டியில் இது ஒன்றுதான் என்றார் மெக்கானிக். டிங்கர் வேலைக்காரரோ பாலிஷ் போட்டால் போதும் என்றார், தனக்கு வரும் கூலியை விட்டுவிட்டு. உரிமையாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அம்மாளக் கேட்டுட்டுச் சொல்றனுங்க."